நடுவில் ஒரு ‘ம்’

இடது கால் மரத்துப்போயிருந்தது. எப்போது போனது என்று ஜெபகனிக்குத் தெரியவில்லை. பாட்டு வேளையில் போயிருக்கலாம், காணிக்கை எடுத்தபோது போயிருக்கலாம். முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து கிள்ளிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் காலைக் கிள்ளியதுபோலத்தான் இருந்தது. போகட்டும், கால் மட்டும் என்ன உசத்தி. கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம்தான். நகர்ந்தால் பக்கத்திலிருக்கும் தெபோராள் அக்கா திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் கையைப் பிடிப்பாள், பிடித்தால் “அழுதுருட்டி, அடக்கி வைக்காத” என்பாள். வராத அழுகையை எந்தக் கடையில் போய் வாங்குவது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. அந்த டக்கையே கேட்டுக்கொண்டிருந்தால் மேடையில் நடப்பது காதில் விழாது என்று நினைத்தாள். விழுந்தது. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் ரூபன். போன வருஷம் உடன்குடி ரோட்டு வளைவில் அவள் வீட்டுக்காரர் ஞானதுரையை அடித்துக் கொன்ற லோடு ஆட்டோவை ஓட்டியவன். கொன்ற என்று சபையில் யாரும் சொல்வதில்லை, ‘அந்தச் சம்பவம்’ என்பார்கள். பாஸ்டர் செல்வின் இன்னும் அழகாக, ‘கர்த்தர் நம் சகோதரனை அழைத்துக்கொண்ட நாள்’ என்பார். அழைத்துக்கொள்ள லோடு ஆட்டோ எதற்கு என்று ஜெபகனிக்கு ஒரு தடவை தோன்றியது. அப்படித் தோன்றியதற்குப் பயப்படக்கூட முடியாமல் எழுந்து போய் அரிசி களைந்தாள். அடுத்த ஞாயிறு ரூபனுக்கு ஞானஸ்நானம். அதற்கு முன்னால், பழைய வாழ்க்கையிலிருந்து தன்னைக் கர்த்தர் எப்படி மீட்டார் என்று சபைக்கு முன் சாட்சி சொல்ல வேண்டும் என்பது இங்கே வழக்கம். வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்தக் கழுத்துப் பொத்தானைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்துக்கும் காரணம் அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தை” என்றான் ரூபன். ஆண்கள் பக்கமிருந்து ஆமென் வந்தது. சபை முழுவதும் இப்போது தன் முக்காட்டைப் பார்க்கிறது என்று ஜெபகனிக்குப் பார்க்காமலே தெரிந்தது. அந்த ஒரு வார்த்தை. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில், மேலே போட்டிருந்த துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். காட்டியது ஞானதுரையின் முகம்தான், ஆனால் மீசையில் மண் ஒட்டியிருந்தது. வெளியே கிளம்பினால் கண்ணாடி முன்னால் நின்று மீசைக்குச் சீப்புப் போடுகிற மனுஷன். மண்ணைத் தட்டிவிட வேண்டும் என்று கை போனது, யாரோ கையைப் பிடித்தார்கள், அப்போது அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அவள் சொன்னது ‘சித்தப்பா’. அப்பாவுக்கு இளையவர், அவளை வளர்த்தவர், என்ன கேடு வந்தாலும் அவள் முதலில் கூப்பிடுகிற ஆள், செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் வாய்க்கு அது எங்கே தெரியும். சித்தப்பா என்றாள். பக்கத்தில் நின்ற பாஸ்டர் காதில் அது ‘சித்தம்ப்பா’ என்று விழுந்தது. பிதாவே, இது உமது சித்தம், அப்படியே ஆகட்டும் என்று புருஷன் பிணத்துக்கு முன்னால் நின்று ஒரு பெண் சொல்கிறாள். பாஸ்டர் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்துவிட்டார். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார், திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் சொல்லி ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள் என்று தெபோராள் அக்கா வந்து சொன்னாள். நடுவில் ஒரு ‘ம்’. அவ்வளவுதான் விஷயம். அவள் அனாதையாகக் கூப்பிட்டதை ஒரு ‘ம்’ போட்டு விசுவாசமாக்கிவிட்டார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். எப்போது, எப்படி என்றுதான் தெரியவில்லை. “எவ்வளவு பெரிய வார்த்தை சகோதரி” என்று பாஸ்டர் அவள் தலையில் கை வைத்தபோது எந்த வார்த்தை என்றே அவளுக்குப் புரியவில்லை; ம் என்றாள். “ஒன்னய மாதிரி விசுவாசம் எனக்கில்லட்டி” என்று தெபோராள் அக்கா கட்டிக்கொண்டபோது ம் என்றாள். போலீஸ்காரர் வந்து என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டதற்கு, “அவங்க தேவ சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்துட்டாங்க சார்” என்று பாஸ்டர் பதில் சொல்ல, போலீஸ்காரர் அவளைப் பார்க்க, அதற்கும் ம். கேஸ் இருக்கிறதா முடிந்துவிட்டதா என்று இன்றைக்குவரை அவள் கேட்டதில்லை. கல்லறைக்குக் கல் வைத்தார்கள். ஞானதுரை என்ற பெயருக்குக் கீழே ‘சித்தம் அப்பா’ என்று வெட்டியிருந்தது. கல் வெட்டுகிறவருக்குக்கூட அதை ஒரே சொல்லாக வெட்ட மனம் வரவில்லைபோல, நடுவில் இடம் விட்டு நன்றாகப் பிரித்திருந்தார். பாஸ்டர் சொந்தச் செலவில் வைத்த கல். நல்லாருக்கா சகோதரி என்றார். ம். நெஞ்சுக்குள்ளிருந்து ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தாள். வெயில்தான் வந்தது. குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, துவைத்த துணியை மடித்து வைத்தாள்.

“உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே இந்த ரூபனைக் கர்த்தர் தெரிந்துகொண்டார்” என்று பாஸ்டர் இடையில் புகுந்து எடுத்துக்கொடுக்க, ரூபன் தலையாட்டினான். முன்குறித்தல். வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் கொஞ்ச நாளாக அதுதான் ஓடுகிறது. பாஸ்டர் ஒரு சார்ட்டில் மேலே வட்டம் போட்டு, அதிலிருந்து கீழே அம்பு அம்பாக இறக்கியிருந்தார். கீழேயிருந்து மேலே ஓர் அம்புகூடக் கிடையாது. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஆமோஸ் சார் மட்டும் விடாமல் எழுந்து நிற்பார். “நேத்து எங்க வீட்டுல நான் சாப்பாட்டுத் தட்டத் தூக்கி எறிஞ்சேன் பாஸ்டர். அதுவும் முன்குறிச்சதா?” என்றார் போன வாரம். கர்த்தருடைய அனுமதி இல்லாமல் அதுவும் நடக்காது என்றார் பாஸ்டர். “அனுமதியா, தீர்மானமா? அதச் சொல்லுங்க. நான் எறிஞ்சேனா, எறியவச்சாரா? எறியவச்சார்னா எங்க வீட்டுக்காரி எதுக்கு என்னய ஏசுதா?” பெண்கள் பக்கம் சிரிப்பு. மனுஷனுக்குச் சுயசித்தம் இல்லையென்றால் தண்டனை எதற்கு, மன்னிப்பு எதற்கு என்று சார் கேட்க, சுயசித்தம் என்று ஒன்று இருந்தால் தேவன் நம்மிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்குமே சார் என்று பாஸ்டர் மடக்க, அப்புறம் டீயும் பன்னும் வந்துவிட்டது. ஜெபகனி தன் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அம்பு ரூபனுக்கு என்றால், ரூபன் தலையில் போய் விழுவதற்கு முன்னால் அது எங்கே குத்திவிட்டுப் போனது என்று தேடினாள். அந்த இடத்தில் பாஸ்டர் எதுவும் வரையவில்லை.

அனுமதியா தீர்மானமா. அன்றைக்கு ஞானதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து, கையில் கிரீஸோடு, அடுக்களை வாசலில் நின்று. மீன் கழுவியாயிற்று, மசால் கூட்டத் தேங்காய் இல்லை. குடிச்சிட்டுப் போறேன்ட்டி என்றார். வந்து குடிக்கலாம், இப்பவே போங்க, குழம்பு நேரமாகுது என்றாள். இது அவள் சொன்னது. இதில் ஒரு ‘ம்’மும் யாரும் போடவில்லை. பாதி டீயை அம்மிமேல் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பாதி டீயைக் குடித்து முடித்திருந்தால், ஊதிக் குடிக்கிறவர், மெதுவாகத்தான் குடிப்பார், அதற்குள் லோடு ஆட்டோ வளைவு தாண்டிப் போயிருக்கும். பாஸ்டர் கணக்குப்படி பார்த்தால் உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே, சூரியன் இல்லை, சந்திரன் இல்லை, சமுத்திரம் இல்லை, ஆனால் அந்த டீ பாதியில் நிற்க வேண்டும் என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. அப்படியென்றால் அவள்மேல் குற்றமில்லை. நல்லதுதான். ஆனால் அப்படியென்றால் கொன்றது அவர், காலையும் மாலையும் அவள் முழங்காலில் நின்று பேசுகிறவர். ஆமோஸ் சார் கணக்குப்படி பார்த்தால் கர்த்தர் கொல்லவில்லை. அதுவும் நல்லதுதான். அப்போது கொன்றது ரூபன், கொஞ்சம் அவளும். இரண்டு கணக்கிலும் யாராவது ஒருவர் அவளுக்கு இல்லாமல் போகிறார்கள். தினமும் இங்கேதான் வந்து சிக்குகிறது, எடுத்துவிட்டால் மறுபடி இங்கேயே வந்து சிக்குகிறது. அந்த மிச்ச டீயை யார் கொட்டினார்கள்? ராத்திரி வந்து பார்த்தபோது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. துக்கத்துக்கு வந்த எவளோ ஒருத்தி, நல்ல மனசோடு, கொட்டிக் கழுவியிருக்கிறாள். ஆடை படிந்த அந்த டீயை ஒரு தடவை பார்த்திருந்தால் அழுகை வந்திருக்கும் என்று ஜெபகனிக்கு ஒரு நினைப்பு.

“நான் வீட்டுக்குப் போகல. ஆளில்லாத செம்மணல் தேரிக்காட்டுக்குள்ள போயிட்டேன்” என்று ரூபன் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் கம்மிப்போயிருந்தது, ஆனாலும் மனப்பாடம் செய்த ஆள்போல நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினான். “கையில களைக்கொல்லி வச்சிருந்தேன். மூடியத் திறந்துட்டேன். அப்பதான் கூட்டாளி போன்ல கூப்புட்டான். ஏல, அந்த அக்கா ஒன்னயக் குத்தம் சொல்லல, எல்லாம் சித்தம்ப்பான்னு சொல்லிட்டாவ, வீட்டுக்கு வாலன்னான். அந்த வார்த்த மட்டும் இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல.” சபை ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று உருண்டது. தெபோராள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜெபகனிக்கு இது புதுச் செய்தி. களைக்கொல்லி. அதற்கு ஒரு வாடை உண்டு, ஞானதுரை தோட்டங்களுக்கு மோட்டார் பார்க்கப் போய்விட்டு வருகிற நாளில் சட்டையில் இருக்கும். அந்த வாடை மூக்கில் வந்து நின்றது. அப்படியென்றால் அந்த ‘ம்’ ஓர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. பாஸ்டர் காதில் அது தப்பாக விழாமலிருந்தால் இந்தப் பையனும் போயிருப்பான். அப்போது அந்தக் காதும் முன்குறித்ததுதானா? அவள் சித்தப்பாவைக் கூப்பிட்டதும், கூப்பிட்டது யாருக்கும் கேட்காமல் போனதும்? அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் ரொம்பப் பெரிய ஏற்பாடுதான், அதில் எல்லாரும் பிழைத்தார்கள், அவள் கூப்பிட்டது மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கோபம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரவில்லை.

சித்தப்பா இருந்திருந்தால் இந்நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பார். அவர் கோயிலுக்கு வருவதே கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும்தான். அரசு பஸ் டிரைவர். ஒரு தடவை சாயர்புரம் பக்கம் ஓர் ஆட்டை அடித்துவிட்டார். ஆட்டுக்காரனே, போகட்டும்ணே, அதுக்கு விதி முடிஞ்சிது, குறுக்க வந்து விழுந்துட்டு என்றானாம். சித்தப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் கை வைக்காமல், “விதியாம்லா விதி. பிரேக்கு என் காலுக்குக் கீழதான இருந்துச்சு. நான் வெத்தல மடிச்சிட்டிருந்தேன், அத யாருட்டச் சொல்ல?” என்றார். ஆட்டுக்கு இவ்வளவா என்று சித்தி கேலி பண்ணினாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதன் பிறகு ஸ்டியரிங்கில் கை வைத்தால் வெற்றிலை கிடையாது. ஜெபகனி பிணவறை வாசலில் கூப்பிட்டது இந்த மனுஷனைத்தான். கடவுளுக்கு ஒப்புக்கொடுக்க அல்ல. வந்து நின்று, யார் காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்பதற்காக. இது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது, மின்விசிறியின் இரண்டு டக்குகளுக்கு நடுவில்.

பாஸ்டர் மேடையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஒயர் இல்லாத மைக். பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். “சகோதரி ஜெபகனி” என்றார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம், கெட்ட மனுஷனாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள். துக்க வீட்டுக்கு நாள் தவறாமல் வந்தவர், அவர் மனைவி சோறு கொண்டுவந்தாள். “சகோதரி, உங்க வாயால சபைக்கு முன்னாடி அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தத் தம்பி அதைக் காதால கேட்கட்டும். அப்புறம் தண்ணிக்குள்ள இறங்கட்டும்.” மைக் அவள் மோவாய்க்குக் கீழே வந்து நின்றது. கறுப்பு வலையில் எச்சில் வாடை. தெபோராள் அக்கா முழங்கையால் இடித்தாள், சொல்லுட்டி. ஜெபகனி ரூபனைப் பார்த்தாள். வருஷம் முழுக்க அவனுடைய சட்டையையும் செருப்பையும்தான் பார்த்திருக்கிறாள். முகத்தைப் பார்த்தது இப்போதுதான். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. மீட்கப்பட்டவன் முகம் இப்படியா இருக்கும் என்று தோன்றியது. அது சித்தம்ப்பா இல்லை, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொன்னால் இந்தச் சபையே இடிந்து போகும், போகட்டும், ஆனால் பையன் திரும்பத் தேரிக்காட்டுக்குப் போவான். சொல்லிவிடலாம் சித்தம்ப்பா என்று. ஐந்தெழுத்தோடு ஆறாவது ஒன்று, என்ன குறைந்துவிடும். குறையும். இதுவரை அது அவர்கள் காதின் தப்பு. இனிமேல் அவள் வாயின் தப்பு. வாயைத் திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று, எதைச் செய்தாலும் செய்தது அவள்தான், மேலேயிருந்து எந்த அம்பும் இறங்கி வருவதாகத் தெரியவில்லை. அவள் ‘ம்’ கொட்டுவாள் என்று சபை காத்திருந்தது.

“சித்தப்பா” என்றாள் ஜெபகனி. கூப்பிடுகிற குரலில், கடைசியில் கொஞ்சம் இழுத்து, தெருமுனையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல. ஒலிபெருக்கி அதை எடுத்துச் சுவரில் அடித்துத் திருப்பிக் கொடுத்தது. அல்லேலூயா என்றார் பாஸ்டர், கண்ணை இறுக மூடிக்கொண்டு. சபை எழுந்துவிட்டது. சித்தம்ப்பா, சித்தம்ப்பா என்று பெண்கள் பக்கம் கைதட்டிச் சொன்னார்கள், கீபோர்டு ஆரம்பித்தது, டிரம் சேர்ந்துகொண்டது. மறுபடியும் போட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, மைக்கில், உரக்க, தெளிவாகச் சொல்லியும் போட்டுவிட்டார்கள். ஜெபகனிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் ரூபன் ஓடிவந்து அவள் காலில் விழுந்தான், மரத்துப்போன காலில். அவன் நெற்றி முட்டியதை அவள் கண்ணால்தான் தெரிந்துகொண்டாள். முதுகு குலுங்கியது. எல்லாரும் கையை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்தாள், முக்காடு நழுவி இரண்டு பேர் தலைக்கும் மேலே விழுந்தது, அவன் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

“தம்பி. பிரேக்கு ஒன் காலுக்குக் கீழதான இருந்துச்சு.”

குலுங்கிக்கொண்டிருந்த முதுகு நின்றது. பாவம், சொல்லிவிட்டோமே, அந்தக் களைக்கொல்லி என்று அவளுக்குப் பயம் வந்தது. இத்தனை நாளில் அவளுக்கு வந்த முதல் பயம். ரூபன் தலையைத் தூக்கவில்லை. “ஆமாக்கா” என்றான். “போன்ல வீடியோ பாத்துட்டு வந்தேன். பாத்துச் சிரிச்சிட்டே வந்தேன். நிமுந்து பாக்குதேன், அண்ணாச்சி முன்னால நிக்காவ.”

“இத யாருட்டயும் சொல்லலியா நீ?”

“பாஸ்டர்ட்டச் சொன்னேன். அதெல்லாம் முன்னாலயே குறிச்சது, திரும்பத் திரும்பப் பேசாதன்னாவ. சாட்சியில அது வேண்டாம்னாவ.” மேடையில் பேசிய குரல் இல்லை இது. “ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்புத்தான்க்கா காதுல கேக்கு. சித்தம் சித்தம்ங்காவ எல்லாரும். என்னயத் திட்ட ஒரு ஆள் இல்ல. நீங்களாவது கேட்டியளே.”

டிரம் அடித்துக்கொண்டேயிருந்தது. தெபோராள் அக்கா அவர்கள் இருவர்மேலும் கையை நீட்டி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தாள். ஜெபகனி முக்காட்டை இழுத்துத் தோளில் போட்டாள். “எந்திரி” என்றாள். “வெளிய வா. வேப்ப மரத்தடியில இருந்து முழுசாச் சொல்லு, ஒண்ணு விடாம. நான் அவியளத் தேங்கா வாங்க வெரட்டுனதச் சொல்லுதேன்.” அவன் எழுந்துவிட்டான். அவளால் எழ முடியவில்லை. இடது கால் அவளுடையதாக இல்லை. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் பக்கத்தில் இல்லாததால் அவன் தோளில் கையை ஊன்றினாள். அந்தக் கையைப் பார்த்துச் சபை இன்னும் சத்தமாகப் பாடியது, பாஸ்டர் அழுதேவிட்டார். கால் தரையில் பட்டதும் பாதத்திலிருந்து தொடைவரை ஊசி ஊசியாக ஏறியது. வாசல்வரை அப்படியே அவனைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். வலித்தது. நன்றாகவே வலித்தது.